மசகுக் குழாயிலிருந்து 10டபிள்யூ-30 வரை: கொங்கு நாடு எண்ணெய் படித்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பவர் வீடர், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் மிஷின் இவற்றில் ஏதாவது ஒன்று வீட்டில் இருப்பவர்கள் கடைசிவரை படித்துவிடுங்கள்.

"வாத்தியாரே, வீடருக்கு என்ன ஆயில் ஊத்தறது?" என்று இந்த இரண்டு மூன்று வருஷமாக நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரே வரியில் பதில் சொல்லலாம். ஆனால் என் மனதில் ஓடுவது வேறு. அறுபது வருஷத்துக்கு முன்னால் எங்கள் அன்னூர் பக்கம் பள்ளிக்கூட வாசலே மிதிக்காத குடியானவருக்குக்கூட இந்தப் பதில் தெரியும். இன்றைக்கு டிகிரி படித்த பையனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்த ஒன்று நடுவில் எங்கே போனது? அதைத்தான் எழுதப் போகிறேன்.

வண்டி மசகு

இஞ்சின் வருவதற்கு முன்பே எண்ணெயைத் தேர்ந்தெடுக்க நம் ஆட்களுக்குத் தெரியும். மாட்டு வண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெய். அதையும் அப்படியே ஊற்றுவதில்லை. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை மாதிரி ஆக்குவார்கள். அதுதான் மசகு. ஒரு மூங்கில் குழாயில் நிரப்பி வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். சந்தைக்குப் போகும் வழியில் சக்கரம் கத்த ஆரம்பித்தால், இறங்கி அச்சாணியைக் கழற்றி, ஒரு குச்சியால் மசகு தடவிவிட்டுப் போவார்கள்.

நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வீட்டில் இருக்க, விளக்கெண்ணெயை ஏன் எடுத்தார்கள்? அது கெட்டி. இரும்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வழிந்து ஓடாது. மானாவாரிக் காட்டில் வரப்போரம் கொட்டமுத்துச் செடி தானாக வரும். கொட்டையை இடித்துக் காய்ச்சி வீட்டிலேயே எண்ணெய் எடுத்துவிடலாம்.

இதே விளக்கெண்ணெயை உலகமும் தேடி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1899-ல் இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் ஓர் எண்ணெய்க் கம்பெனி தொடங்கினார். 1909-ல் அந்தக் கம்பெனி கொண்டு வந்த எண்ணெய்க்கு 'காஸ்ட்ரால்' என்று பெயர். 'காஸ்டர்' என்றால் ஆமணக்கு. முதல் உலகப் போரின் சுழல் இஞ்சின் விமானங்கள் ஆமணக்கெண்ணெயில்தான் பறந்தன. பெட்ரோலோடு அது எளிதில் கரையாது என்பது ஒரு முக்கியக் காரணம். நம் வண்டி அச்சில் கிடந்தது ஆகாயத்துக்கும் போனது.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. அதிகச் சூட்டில் தொடர்ந்து கிடந்தால் காற்றோடு சேர்ந்து பிசின் மாதிரி இறுகிவிடும். வண்டி அச்சு அவ்வளவு சூடாவதில்லை, அதனால் அங்கே தொல்லையில்லை. இஞ்சினுக்குள் அது பெரிய தொல்லை. ஒரு இயந்திரத்துக்கு அமிர்தமாக இருந்த எண்ணெய் இன்னொன்றுக்கு விஷமாகும் என்பதற்கு முதல் பாடம் இது.

மில்லில் படித்தது

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கினார். ஊர்க்காரர்கள் அதை ஸ்டேன்ஸ் மில் என்பார்கள். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பீளமேடு, சிங்காநல்லூர் என்று மில்கள் பெருகின. காட்டில் ஏர் பிடித்தவர்களின் பிள்ளைகள் சங்குச் சத்தத்துக்கு எழுந்து வேலைக்குப் போனார்கள்.

ஒரே கட்டடத்துக்குள் பல எண்ணெய்கள் உண்டு என்பதை அவர்கள் அங்கேதான் பார்த்தார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் கதிருக்குத் தண்ணீர் போல மெல்லிய ஸ்பிண்டில் ஆயில். மெதுவாகச் சுற்றிப் பாரம் தாங்கும் இடத்துக்குக் கெட்டி எண்ணெய். கதிருக்குக் கெட்டி எண்ணெய் போட்டால் இழுவை கூடும், மின்சாரம் வீணாகும். பாரமான இடத்தில் மெல்லிய எண்ணெய் போட்டால் இரும்பும் இரும்பும் உரசித் தேயும். வேகத்துக்கு மெல்லிசு, பாரத்துக்குக் கெட்டி. இந்த ஒரு விதியை மனதில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மில்லுக்கு வெளியே பஸ் பட்டறைகளும் பள்ளிக்கூடமாக இருந்தன. 1920-ல் ஜி.டி. நாயுடு பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டித் தொழில் தொடங்கினார். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் அப்படி வளர்ந்தது. 1926-ல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையம் வந்தது. இப்படிப் பட்டறையில் கை பழகியவர்கள்தான் பிற்பாடு ஊர் ஊராகப் பிட்டர்களாக வந்து உட்கார்ந்தார்கள்.

கிணற்றுக்குள் இறங்கிய இஞ்சின்

கொங்கு நாட்டுக் கிணறு பாறையை உடைத்து வெட்டியது. அறுபது எழுபது அடி சாதாரணம். கவலை ஏற்றத்தில் இரண்டு மாடுகள் வாரியில் இறங்கி ஏறிச் சால் சாலாகத் தண்ணீர் இறைத்தன. நாள் முழுக்க இறைத்தாலும் பாய்கிற நிலம் கொஞ்சம்தான்.

அந்த இடத்துக்கு ஆயில் இஞ்சின் வந்தது. ருடால்ஃப் டீசல் தன் இஞ்சினை 1897-ல் ஓட்டிக் காட்டினார். இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் ஒற்றை சிலிண்டர் இஞ்சின் ஒன்றைக் கொண்டு வந்தது. 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 600 சுற்று, பக்கத்துக்கு ஒரு பெரிய சக்கரம். அந்த மாதிரியைப் பார்த்து நம் நாட்டில் ராஜ்கோட் போன்ற ஊர்களில் செய்தார்கள். புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இஞ்சின்ஸ் 1946-ல் தொடங்கியது.

இஞ்சினை மேலே வைத்து ஆழக் கிணற்றுத் தண்ணீரை உறிஞ்ச முடியாது. காற்றழுத்தம் தண்ணீரைப் பத்து மீட்டருக்கு மேல் தூக்காது என்று வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். நடைமுறையில் ஏழு மீட்டர் உறிஞ்சினாலே பெரிது. அதனால் கிணற்றுக்குள்ளேயே பாறையில் மேடை கட்டி இஞ்சினை இறக்கினார்கள். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க இஞ்சினும் இறங்கும். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பங்குனி மாதம் இஞ்சினை இறக்குவது ஒரு திருவிழா மாதிரி. எட்டுப் பேர் வடம் பிடிப்பார்கள்.

அப்படி இறக்கி வைத்த இஞ்சின் நின்றுபோனால் பயிர் போகும். அது ஒன்றுதான் அந்தக் காலத்து ஆட்களை எண்ணெய் விஷயத்தில் அவ்வளவு கவனமாக வைத்தது. எங்கள் அப்பாருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் "மழைக்காலத்துக்கு முப்பது நம்பரு, வெயிலுக்கு நாப்பது நம்பரு" என்று அவர் சொன்னதை நான் மூன்றாம் வகுப்பிலேயே கேட்டிருக்கிறேன். பிட்டர் அவருக்குச் சொன்னது. அளவு குச்சியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்காமல் அவர் ஒரு நாளும் கைப்பிடியைச் சுற்றியதில்லை.

முப்பதும் நாற்பதும் என்ன?

அப்பாரு சொன்ன நம்பர் அமெரிக்காவிலிருந்து வந்தது. மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 1911-ல் எண்ணெய்களை முதன்முதலாக வகைப்படுத்தியது. பிறகு பல முறை திருத்தினார்கள். நம்பர் கூடினால் எண்ணெய் கெட்டி என்று அர்த்தம்.

வெல்லப் பாகு காய்ச்சுகிற அம்மாக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சூட்டில் பாகு ஓடும், ஆறினால் இறுகும். எண்ணெயும் அப்படியே. அதனால்தான் இதற்குப் பாகுநிலை என்று பெயர். 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை வைத்து 30, 40, 50 என்று நம்பர் கொடுக்கிறார்கள்.

பனி நாட்டில் வேறு சிக்கல். காலையில் எண்ணெய் உறைந்து கிடக்கும், இஞ்சின் சுற்றாது. அதற்காகக் குளிரிலும் ஓடுகிற எண்ணெய்க்கு 'டபிள்யூ' சேர்த்தார்கள். 'விண்டர்', அதாவது குளிர்காலம் என்பதன் முதல் எழுத்து. 10டபிள்யூ-30 என்றால் குளிரில் 10டபிள்யூ தரத்துக்கு இளகி இருக்கும், சூட்டில் 30-ன் கெட்டித்தனம் காட்டும். இந்தப் 10 டிகிரிக் கணக்கு அல்ல. 10டபிள்யூவின் குளிர்ச் சோதனையை மைனஸ் 25 டிகிரியில் செய்கிறார்கள், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30.

என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன் இப்போது கனடாவில் இருக்கிறான். வாசலில் விழும் பனியை அள்ளி வீச மிஷின் வாங்கியிருக்கிறான். அதற்கு 5டபிள்யூ-30 ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். படம் அனுப்பினான். பார்த்தால் நம் பவர் வீடரில் இருக்கிற அதே ஜாதி இஞ்சின்! ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், காற்றால் குளிர்வது. அங்கே பனியை அள்ளுகிறது, இங்கே மஞ்சள் காட்டில் களை எடுக்கிறது. இஞ்சின் ஒன்றுதான், ஊரின் சூடு வேறு. எண்ணெயும் அதற்கேற்ப மாறுகிறது. எங்கள் அப்பாரு சொன்ன முப்பதும் நாற்பதும் இதே கணக்குத்தான்.

கறுத்த எண்ணெய் கெட்ட எண்ணெயா?

1935-ல் அமெரிக்காவில் கேட்டர்பில்லர் டீசல் இஞ்சின்களுக்காக அழுக்கைக் கழுவும் மருந்து சேர்த்த எண்ணெய் வந்தது. கரியைப் படியவிடாமல் தன்னுள்ளேயே சுமந்துகொண்டு நிற்கும். அதனால் சீக்கிரம் கறுக்கும். இந்த வகை எண்ணெய் நம் பக்கம் வந்தபோது, "பழைய ஆயிலு பத்து நாளானாலும் கறுக்காது, இது ரெண்டு நாள்ல கறுத்துப் போச்சு, கலப்படம்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் உண்டு. கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

1959-ல் இந்தியன் ஆயில் கம்பெனி தொடங்கியது. 1969-ல் மணலியில் சென்னைச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. எரிபொருளோடு மசகெண்ணெய்க்கான மூல எண்ணெயும் அங்கே எடுத்தார்கள். 1972-ல் இந்தியன் ஆயிலின் 'சர்வோ' வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி டின்களைப் பார்த்த கண்களுக்கு நம் நாட்டுப் பெயர் புதிதாக இருந்தது.

மறந்துபோன தலைமுறை

இனிதான் கதையின் முக்கியமான இடம். கோவையில் 1937-லேயே மின் மோட்டார் செய்துவிட்டார்கள். டி. பாலசுந்தரம் நாயுடு, ஜி.டி. நாயுடு பெயர்கள் அந்த வரலாற்றில் இருக்கின்றன. கிராமங்களுக்குக் கம்பி வர வர, இஞ்சின் இருந்த மேடையில் மோட்டார் உட்கார்ந்தது. மின் கட்டணத்துக்காக இந்த மண்ணில் பெரிய போராட்டமே நடந்தது. நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் மாட்டு வண்டிகள் கோவை நகரை நிறைத்ததை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்தது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதோடு ஆயில் இஞ்சின் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

கிணறு வற்றி, ஆயிரம் அடிக்கு மேல் ஆழ்துளைக் கிணறு போட்டோம். அதில் இறங்கிய நீர்மூழ்கி மோட்டார்களில் பெரும்பாலானவை தண்ணீர் நிரப்பி ஓடுபவை. தண்ணீரேதான் மசகு. ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம்! ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும். கிணற்றுத் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய் மிதப்பதும் நின்றது. அது நல்லதுதான், அந்தத் தண்ணீரைத்தான் நாமும் குடித்தோம்.

ஆனால் அளவு குச்சியைத் துடைத்துப் பார்க்கும் பழக்கமும் அதோடு போனது. வண்டி மசகிலிருந்து ஆயில் இஞ்சின் வரை அப்பனிடமிருந்து மகனுக்கு வந்த அறிவு, முப்பது வருஷம் தேவைப்படவில்லை. தேவைப்படாததை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிட்டர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் சொன்னதைத் தமிழில் யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்த இடைவெளியில்தான் ஆள் பற்றாக்குறை வந்து, மானியத்தில் பவர் வீடரும் வந்தது. எண்ணெய் தேவைப்படாத வீட்டுக்குள் மறுபடி எண்ணெய் கேட்கிற இயந்திரம். பழைய இஞ்சின் 600 சுற்று. இது 3600 சுற்று வரை ஓடுகிறது. அதன் எண்ணெய்த் தொட்டியில் லிட்டர் கணக்கில் இருந்தது. இதில் பலவற்றில் வெறும் 600 மில்லி. அது சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொண்டது. இது பொறுக்காது.

எங்கள் ஊரில் கணவரை இழந்த ஓர் அம்மா மகளிர் குழுக் கடனில் வீடர் வாங்கி வாடகைக்கு விட்டார். மிஷினோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. "வண்டிக்கு ஊத்தற ஆயிலு குடுங்க" என்று கடையில் கேட்டிருக்கிறார். மொபெட்டுக்கான டூ-டி ஆயிலைக் கொடுத்துவிட்டார்கள். அது பெட்ரோலோடு கலந்து எரிந்துபோவதற்கான மெல்லிய எண்ணெய். இஞ்சின் தொட்டியில் நின்று பாரம் தாங்குவதற்கானது அல்ல. வாழைக் காட்டில் நடு மத்தியானம் இஞ்சின் இறுகி நின்றது. இஞ்சின் மாற்றிய பணத்தில் பத்து வருஷத்துக்கு நல்ல ஆயில் வாங்கியிருக்கலாம். வாடகை நின்றுவிட்டது, தவணை நிற்கவில்லை. அவர் மேல் என்ன குற்றம்? அப்பாருக்கு நம்பர் சொல்ல ஒரு பிட்டர் இருந்தார். இந்த அம்மாவுக்குச் சொல்ல யாரும் இல்லை.

சரி, இப்போது என்ன ஊற்றுவது?

1. முதலில் இஞ்சின் டூ-ஸ்ட்ரோக்கா, போர்-ஸ்ட்ரோக்கா என்று கேளுங்கள். எண்ணெய்க்குத் தனி மூடியும் அளவு குச்சியும் இருந்தால் பெரும்பாலும் போர்-ஸ்ட்ரோக். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு டூ-டி ஆயில் கலக்க வேண்டும். கையேடு 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணளவு வேண்டாம், மருந்து அளக்கும் குவளை போதும்.

2. போர்-ஸ்ட்ரோக் பெட்ரோல் வீடருக்குப் பெரும்பாலான கம்பெனிகள் சொல்வது 10டபிள்யூ-30. பைக் கடைகளிலேயே கிடைக்கும். நல்ல வெயிலில் அது கொஞ்சம் அதிகமாகச் செலவாகும் என்று சில கையேடுகளே சொல்லி, சூடான ஊருக்கு எஸ்.ஏ.இ. 30 ஊற்ற அனுமதிக்கின்றன. உங்கள் கையேடு அனுமதித்தால் நம் சித்திரை வெயிலுக்கு அது பொருத்தம். டீசல் வீடருக்கும் டில்லருக்கும் டீசல் இஞ்சினுக்கு உரியது என்று போட்ட ஆயில்தான்.

3. கியர் பெட்டிக்குத் தனி ஆயில். பட்டறையில் 'தொண்ணூறு நம்பர்' என்பார்கள். 90 என்பதால் 30-ஐப் போல மூன்று மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். கியர் ஆயிலின் நம்பர் வரிசையே வேறு. இரண்டையும் இடம் மாற்றி ஊற்றக் கூடாது.

4. இந்தச் சின்ன இஞ்சின்கள் பலவற்றில் ஆயில் பம்பும் இல்லை, வடிகட்டியும் இல்லை. அடியில் கரண்டி மாதிரி ஒரு துண்டு எண்ணெயை வாரி அடிக்கிறது, அவ்வளவுதான். அளவு குறைந்தால் கரண்டிக்கு எட்டாது. சரிவில் சாய்ந்து ஓடினாலும் எட்டாது. தப்பான நம்பரால் கெட்டதைவிட எண்ணெய் குறைந்து கெட்ட இஞ்சின்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மிஷினைச் சமதளத்தில் நிறுத்தித் தினமும் குச்சியைப் பாருங்கள்.

5. புது மிஷினில் முதல் எண்ணெயை ஏறக்குறைய 20 மணி நேரத்தில் மாற்றுங்கள். புது இரும்பின் பொடி அதில் இருக்கும். அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. செம்மண் தூசியில் ஓட்டுகிற நாம் அதற்கு முன்னாலேயே மாற்றினால் நல்லது.

6. காலி டப்பாவை ஓட்டை போட்டு எறியுங்கள். இல்லாவிட்டால் கழிவு ஆயிலை வடிகட்டி அதிலேயே அடைத்து உங்களுக்கே விற்க வழி உண்டு. கழித்த ஆயிலை வாய்க்காலிலும் கிணற்றோரமும் கொட்டாதீர்கள். டப்பாவில் சேர்த்துப் பட்டறையில் கொடுங்கள்.

விலை கூடின ஆயில்தான் நல்ல ஆயில் என்பதில்லை. கனடாப் பையனின் 5டபிள்யூ-30 நம் ஊரில் விலை அதிகம், நம் வெயிலுக்கு அது தேவையும் இல்லை.

மானியத்தில் மிஷின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேளாண்மைப் பொறியியல் துறையினரிடமும் விற்பனையாளரிடமும் தமிழில் கையேடு கேளுங்கள். இல்லை என்றால், ஆயில் நம்பர், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு முறை என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்ரோல் டேங்க்கின் மேல் பெயின்ட்டில் தமிழில் எழுதிவிடுங்கள். வாடகைக்கு ஓட்டும் பையன் மாறினாலும் எழுத்து இருக்கும். அந்த அம்மாவின் மிஷினில் நான்தான் எழுதிக் கொடுத்தேன், கரும்பலகைக் கையெழுத்திலேயே.

பழைய ஆயில் இஞ்சின் பிட்டர்கள், அவர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பக்கம் என்ன நம்பர் ஊற்றினீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். உங்களோடு போய்விடக் கூடாது.